காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: நடுவில் இருந்த ராத்திரி எங்கே போனது?

“சின்ன ஆபரேஷன்தான். காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்” என்கிறார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்ஸ்ரே. முதல் நாள் ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தில் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று அச்சடித்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு காப்பீட்டு நிறுவனம், “24 மணி நேரம் தங்கவில்லையே” என்கிறது. சின்ன விஷயத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

குழப்பமெல்லாம் ‘சின்ன’ என்ற சொல்லில் இருக்கிறது. டாக்டர் சொல்வது மருத்துவமனையில் இருக்கப்போகும் நேரத்தை. நாம் கேட்டுக்கொள்வது ஆபத்தின் அளவை. முன்பெல்லாம் இதே ஆபரேஷனுக்கு ஒரு ராத்திரியாவது வார்டில் படுத்திருப்போம். ரத்தம் கசிகிறதா, சிறுநீர் போனதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று நர்ஸ் வந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ராத்திரியை யாரும் ஒழித்துவிடவில்லை, நம் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஒவ்வொரு நிபந்தனையும் அதிலிருந்து பிறந்ததுதான்.

மூன்று வகைக்கு ஒரே பெயர்

பேச்சில் ‘சின்ன ஆபரேஷன்’ என்று ஒன்றாகச் சொன்னாலும், மருத்துவமனைக் கணக்கில் இவை வேறு வேறு.

1. ஓ.பி.யிலேயே முடிவது. சீழ்க்கட்டியைக் கீறிவிடுவது, சதைக்குள் வளர்ந்த கால் நகத்தை எடுப்பது, சிறு கொழுப்புக்கட்டியை அகற்றுவது போன்றவை. ‘மைனர் ஓ.டி.’ என்ற அறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடுவார்கள். அட்மிஷன் கிடையாது.

2. டே கேர். கண்புரை, ஹெர்னியா (குடலிறக்கம்), விரைவீக்கம், மூலம், டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுப்பது) போன்றவை. முறையாக அட்மிஷன் போட்டு, முழு வசதியுள்ள தியேட்டரில் செய்து, அன்றைக்கே அனுப்புவது என்று முன்கூட்டியே திட்டமிட்டது.

3. ஒரு ராத்திரி தங்கவைப்பது. ஆபரேஷன் டே கேர் வகையாகவே இருக்கலாம், ஆனால் நோயாளியின் நிலைமை இடம்கொடுக்காது. குறைமாதத்தில் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு ஹெர்னியா என்றால் மயக்கம் தெளிந்த பிறகும் மூச்சு விட்டு விட்டு வரும் அபாயம் உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் அளவுக்குக் குறட்டை நோய் உள்ளவருக்கும் அப்படித்தான்.

வெட்டின் நீளத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. முதுகில் உள்ள கொழுப்புக்கட்டிக்குக் கட்டைவிரல் நீளம் கீறினாலும் அரை மணியில் எழுந்து போகலாம். டான்சில் ஆபரேஷனில் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் முதல் 24 மணி நேரத்திலும், பிறகு பொருக்கு உதிரும் ஒரு வாரக் கணக்கிலும் ரத்தம் பீறிடலாம். என்ன மயக்கம், ரத்தம் கசிந்தால் எப்போது கசியும், நோயாளிக்கு வேறு என்ன உபாதை என்ற மூன்றையும் வைத்துத்தான் டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள்.

மணல் மூட்டையிலிருந்து மடித்த லென்ஸ் வரை

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது புதிய யோசனை இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் குழந்தைகளுக்குச் செய்த 8,988 ஆபரேஷன்களை அட்மிஷன் இல்லாமலேயே முடித்ததாக 1909-இல் எழுதினார். குழந்தையைத் தாயைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது அவர் வாதம். சக மருத்துவர்கள் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆபரேஷன் என்றால் படுக்கை, படுக்கை என்றால் வாரக்கணக்கு என்பதுதான் அன்றைய மருத்துவ ஞானம். 1970-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்ட் என்ற இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள், பகல் ஆபரேஷனுக்கென்றே தனிக் கூடம் திறந்த பிறகுதான் வழக்கம் பரவியது.

நமக்கு இந்த மாற்றம் கண்ணெதிரே நடந்தது கண்புரையில்தான். தாத்தா பாட்டி காலத்தில் கருவிழியின் ஓரமாகப் பெரிதாக வெட்டி, புரை விழுந்த லென்ஸை முழுதாக வெளியே எடுப்பார்கள். தையல் போடுவது வழக்கமாவதற்கு முன்பு, வெட்டு பிளந்துவிடாமல் இருக்கத் தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, நாள்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள். லென்ஸ் போன கண்ணுக்கு ஈடாகத்தான் சோடாபுட்டிக் கண்ணாடி. 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்தார். 1967-இல் நியூயார்க்கின் சார்ல்ஸ் கெல்மன், புரையை உள்ளேயே மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல் டாக்டர் பற்காறை எடுக்கும் அதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிறகு மடித்து நுழைக்கும் லென்ஸ் வந்தது. இப்போது வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தையலும் இல்லை, மணல் மூட்டையும் இல்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலக அளவுக்கு வளர்ந்ததற்கும், ஒரு நோயாளிக்கு ஆகும் நேரம் சுருங்கியதில் பங்கு உண்டு.

மற்ற ஆபரேஷன்களில் ராத்திரியைச் சுருக்கியவை வேறு. 1980களில் வந்த புரோபஃபால் மயக்க மருந்தில் நோயாளி சீக்கிரம் தெளிகிறார், வாந்தியும் குறைவு. ஹெர்னியாவுக்கு வலை வைத்துத் தைக்கும் முறை வந்ததால் தசையை இழுத்துக் கட்ட வேண்டியதில்லை, வலியும் குறைந்தது. அசையாமல் படுத்தால் காலில் ரத்தம் உறையும், சீக்கிரம் நடப்பதே நல்லது என்பதும் உறுதியானது.

மரத்துப்போவதும் மயங்குவதும்

ஆபரேஷன் ‘சின்னதா’ என்பதைவிட, ‘என்ன மயக்கம்’ என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

1. அந்த இடத்துக்கு மட்டும் ஊசி. பெரும்பாலும் லிக்னோகெயின். வலி தெரியாது, தொடுவதும் இழுப்பதும் தெரியும். பலர் இதைத்தான் “மருந்து பிடிக்கவில்லை” என்று நினைத்துப் பதறுகிறார்கள். ஆனால் நிஜமாகவே பிடிக்காத இடம் ஒன்று உண்டு: சீழ்க்கட்டி. சீழ் கோத்த சதையில் அமிலத்தன்மை அதிகம், அங்கே இந்த மருந்து நரம்புக்குள் சரியாகப் போகாது. சின்னக் கட்டிக்குக் கொஞ்ச நேரம் மயக்கம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். மருந்துக்கு உச்ச அளவும் உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ உடம்புக்கு 350 மில்லிகிராம். 2% மருந்தில் அது 17.5 மில்லி. தாண்டினால் உதடு மதமதப்பு, காதில் இரைச்சல், வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு என்று போகும். “உடம்பில் எட்டுக் கட்டி இருக்கிறது, ஒரே நாளில் எடுத்துவிடுங்கள்” என்றால் டாக்டர் தயங்குவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

2. முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துவிடும். கால் அசைந்து, நடந்து, சிறுநீர் கழித்த பிறகே அனுப்புவார்கள். அடுத்த சில நாட்களில், உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி சிலருக்கு வரும். வந்தால் தெரிவிக்க வேண்டும். “முதுகில் ஊசி போட்டதிலிருந்து காலமெல்லாம் முதுகுவலி” என்பது வீடுதோறும் கேட்கும் புகார். நீடித்த முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

3. அரை மயக்கம், முழு மயக்கம். அரை மயக்கத்தில் நோயாளி தூங்கி வழிவார், கூப்பிட்டால் பதில் சொல்வார். முழு மயக்கத்தில் அதுவும் இருக்காது. மயக்கம் ஆழமாக ஆக, தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் போய்விடும். வெறும் வயிறு விதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வாய் காபியால் என்ன ஆகிவிடும்?

விழித்திருக்கும்போது வாந்தி தொண்டைக்கு வந்தால் இருமுகிறோம். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம். 1946-இல் நியூயார்க்கின் கர்ட்டிஸ் மெண்டல்சன், மயக்கம் கொடுத்துப் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவமனையின் 44,016 பதிவுகளைப் பார்த்து, 66 பேருக்கு இப்படி நடந்ததைக் காட்டினார். வயிற்று அமிலம் நுரையீரலைச் சுட்டுவிடுகிறது என்பதையும் விளக்கினார். அதிலிருந்துதான் “ராத்திரி 12 மணிக்கு மேல் எதுவும் கூடாது” என்ற விதி உலகமெல்லாம் வேரூன்றியது.

இப்போதைய கணக்கு இன்னும் நுணுக்கமானது. எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். இரண்டு இட்லி மாதிரி லேசான உணவுக்கு 6 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. நம் ஊரில் இடறுவது காபியில்தான். பால் சேராத கட்டங்காபி தண்ணீர்க் கணக்கு. பால் சேர்ந்தால் அது உணவுக் கணக்கு, 6 மணி நேரம். ஃபில்டர் காபியை “தண்ணிதானே” என்று குடித்துவிட்டு வந்து, ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவது உத்தமம். தள்ளிப்போவது எரிச்சல்தான், நுரையீரலில் காபி அதைவிட மோசம். அதே சமயம், பகல் 2 மணி ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் காயப்போடுவதும் தேவையற்ற கொடுமை. எனக்கு எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியவை:

1. பி.பி. மாத்திரை பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வார்கள். எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2. சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அதனால்தான் சுகர் நோயாளியைப் பட்டியலில் முதலில் எடுக்கிறார்கள்.

3. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் சுகர் மாத்திரைகளைத் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினியோடு இவை சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. சின்ன ஆபரேஷன்தானே என்று இந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுவது உண்டு; நாமாகச் சொல்ல வேண்டும்.

4. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைத் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் நிறுத்தினால், ஆபரேஷன் இடத்தில் கசியும் ரத்தத்தைவிட ஸ்டென்டில் உறையும் ரத்தம் பெரிய ஆபத்து. நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்ல வேண்டும்.

கையெழுத்து யாருடையது?

வழக்கம் என்னவென்றால் நோயாளி ஸ்ட்ரெச்சரில் இருப்பார், கணவரோ மகனோ கவுன்ட்டரில் கையெழுத்துப் போடுவார். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவான தீர்ப்பு ஒன்று சொன்னது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விடுவது) மூலம் உள்ளே பார்ப்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே தாயிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சுயநினைவு திரும்பப்போகும் வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக உறவினர் சம்மதிக்க முடியாது, பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது, உயிர் போகும் நிலை மட்டுமே விதிவிலக்கு என்றது நீதிமன்றம்.

ஆகவே படிவத்தில் ஆபரேஷனின் பெயர், எந்தப் பக்கம், என்ன மயக்கம் என்ற மூன்றும் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் படிவத்தில் போடக் கூடாது. தியேட்டர் வாசலில் மறுபடி மறுபடி பெயர் கேட்டு, “எந்தக் கண்?” என்று கேட்டால் மறதி என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியல் அப்படிக் கேட்கச் சொல்கிறது.

வீட்டுக்கு வந்த ராத்திரி

மயக்கம் தெளியும் அறையிலிருந்து வெளியே விடுவதற்கு ஆல்ட்ரெட் மதிப்பெண் என்று 1970-இலிருந்து ஒரு கணக்கு உண்டு. கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, உடம்பின் நிறம் என்று ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண். பத்துக்கு ஒன்பதாவது வேண்டும். வீட்டுக்கு அனுப்ப, தள்ளாடாமல் நடக்கிறாரா, வாந்தி, வலி, ரத்தக்கசிவு அடங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்ப்பார்கள். இதிலெல்லாம் பாஸானவர்கூட 24 மணி நேரத்துக்கு டூ வீலர் ஓட்டக் கூடாது, தனியாக அடுப்படியில் நிற்கக் கூடாது, சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தெளிந்துவிட்டதாக நோயாளிக்குத் தோன்றும். மருந்தின் மிச்சம் உள்ளேயே இருக்கும். கூட ஒருவர் இல்லாமல் மருத்துவமனை அனுப்ப மறுப்பது இதனால்தான். ஆட்டோ பிடித்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. அன்றைக்கு ராத்திரி நர்ஸ் அவர்தான்.

அவர் கவனிக்க வேண்டியவை:

1. கட்டு நனைகிறதா. சின்னக் கறை பரவாயில்லை; பரவிக்கொண்டே போனால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

2. சிறுநீர். ஹெர்னியா, மூலம் ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக வயதான ஆண்களுக்கு, அடைத்துக்கொள்ளும். அடிவயிறு கனத்து 6 மணி நேரத்துக்கு மேல் போகாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

3. வலி. ஊசி தெளிந்த பிறகு மாத்திரை தேடக் கூடாது. தெளிவதற்கு முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும்.

4. கண் ஆபரேஷன் என்றால் வலி கூடுவதும் பார்வை குறைவதும் அபாய மணி. விடியட்டும் என்று விடக் கூடாது.

சாப்பாட்டில் நம் வீடுகளில் வேறு ஒரு சிக்கல்: பத்தியம். பருப்பு கூடாது, முட்டை கூடாது, சீழ் பிடிக்கும் என்று கஞ்சியிலேயே ஓட்டுவார்கள். புண் ஆற உடம்பு கேட்பது புரதத்தைத்தான். டாக்டர் தடுக்காதவரை முட்டையும் பருப்பும் நண்பர்கள்.

கட்டி எடுத்திருந்தால் இன்னொன்று. எடுத்த சதை பரிசோதனைக்குப் போயிருக்கிறதா என்று கேட்டு, முடிவு வரும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். வார்டில் படுத்திருப்பவரைத் தேடி ரிப்போர்ட் வரும். வீட்டுக்குப் போனவரைத் தேடி வராது.

இந்த ஏற்பாடு முழுக்க நகரத்து வீட்டை மனதில் வைத்துப் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்துவிடலாம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. ராத்திரி 9 மணிக்குக் கடைசி பஸ் போய்விடும் மலையடிவார ஊர்க்காரருக்கும், தனியாக வாழும் பாட்டிக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஒரு ராத்திரி தங்கவையுங்கள் என்று கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

24 மணி நேரம் என்ற பூட்டு

மருத்துவம் ராத்திரியைக் கைவிட்டது; காப்பீடு இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் செலவு திரும்பக் கிடைக்கும் என்பது பொது விதி. டே கேர் அதற்கு விலக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் வரையறைப்படி, முழு மயக்கமோ மரத்துப்போகும் ஊசியோ கொடுத்துச் செய்வது, தொழில்நுட்ப வளர்ச்சியால் 24 மணி நேரத்துக்குள் முடிவது, அந்த வளர்ச்சி இல்லாவிட்டால் அதற்கு மேல் தங்க வேண்டியிருந்திருக்கும் சிகிச்சை என்பது டே கேர். வழக்கமாக ஓ.பி.யாகச் செய்வது சேராது என்று அதே வரையறை முடிகிறது. கண்புரைக்குப் பணம் வருவதும் கொழுப்புக்கட்டிக்கு மறுக்கப்படுவதும் இந்தக் கடைசி வரியால்தான்.

ஆகவே போவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. காத்திருப்புக் காலம். கண்புரை, ஹெர்னியா, விரைவீக்கம், மூலம் எல்லாம், பல நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியில் 24 மாதம் கழித்துத்தான். பல பாலிசிகளில் இதே மாதிரிதான். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் இந்தத் தடை இருக்காது.

2. உச்சவரம்பு. அதே பாலிசியில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25% அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. விலையுயர்ந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் மிச்சம் கைக்காசு.

3. முன்செலவும் பின்செலவும். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவுகள் இந்தப் பாலிசியில் சேரும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கட்டு மாற்றிய பில் எதையும் தூக்கிப் போடக் கூடாது.

4. கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டுவது. 2024-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் அனுமதி பற்றி முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும்.

சில இடங்களில், “கிளெய்முக்காக ஒரு ராத்திரி பெட்டில் இருந்துவிட்டுப் போங்களேன்” என்பார்கள். மருத்துவக் காரணம் இல்லாத ராத்திரி அது. அறை வாடகை ஏறும், மருத்துவமனைக் கிருமிகளோடு ஒரு ராத்திரி கூடுதலாகக் கழியும். அதோடு, தங்க வேண்டிய அவசியமே இல்லையே என்று சொல்லி நிறுவனம் அதையும் மறுக்கலாம்.

தமிழக முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பூட்டு வேறு மாதிரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குறித்துவைத்த சிகிச்சைப் பட்டியலுக்குத் தொகுப்புக் கட்டணமாக நேரடியாக மருத்துவமனைக்கே போகிறது. தன் ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

தனியார் காப்பீட்டில் மறுப்பு வந்தால், எந்த விதியின்கீழ் என்று எழுத்தில் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. அங்கே பேசப்போவது டிஸ்சார்ஜ் சம்மரிதான். அட்மிஷன் நேரம், கொடுத்த மயக்கம், இதை ஓ.பி.யில் ஏன் செய்ய முடியவில்லை என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று மருத்துவமனைப் படி இறங்குவதற்கு முன்பே படித்துப் பார்த்து, இல்லாததை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மயக்கம் தெளியாத நோயாளியால் அது முடியாது. அதுவும் கூட வந்தவர் வேலைதான்.